மூக்கைப் பொத்திக்கொண்டு லண்டனுக்கு

"சீ! மனுசன் இருக்கிற எடமா இது?" பஸீர் ஹாஜியார் சால்வையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். நாற்றம் பக்கத்து இருக்கை முத்துவீரனிடமிருந்துதான் வருகிறது என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை.

விமானம் கொழும்பை விட்டு மூன்று மணித்தியாலம் ஆகியிருந்தது. லண்டன் போய்ச் சேர இன்னும் எட்டு மணித்தியாலம் கிடந்தது.

முன்சீட்டுக்காரன் சாய்ந்து சாய்ந்து ஹாஜியாரின் மடியிலேயே வந்து படுத்துவிட்டான். பின்சீட்டில் எவனோ சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை அவருடைய கைப்பிடிக்குத் தூக்கிப் போட்டிருந்தான். காலுறை ஓட்டையால் பெருவிரல் எட்டிப் பார்த்தது. கழிப்பறைத் தரையெல்லாம் ஈரம், அது தண்ணீர்தானா என்று நினைக்கவே குமட்டியது. அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இது தூரியன் பழ நாற்றம்.

ஹாஜியார் மாத்தளையில் மிளகு, கராம்பு வியாபாரம் செய்கிறவர். தூரியன் என்றால் அவருக்கு அப்படி ஓர் அருவருப்பு. முப்பது வருடமாக அவருடைய வீட்டு வாசலை ஒரு சுளை தாண்டியதில்லை. அவர் எதிரில் யாரும் அந்தப் பெயரைக்கூட எடுப்பதில்லை.

இத்தனைக்கும் ஏறும்போது முத்துவீரன் நல்ல ஆள் போலத்தான் தெரிந்தான். றத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவனாம். லண்டனில் இருக்கும் மகன் கிஷாந்தைப் பார்க்க முதல் தடவையாகப் பிளேன் ஏறுகிறானாம். ஹாஜியாருக்குக் கையைத் தூக்க முடியாத தோள்பட்டை வலி என்று தெரிந்ததும், அவருடைய பையை வாங்கி மேல் தட்டில் வைத்ததும் அவன்தான்.

"பாத்து வைங்க. லண்டன்ல இருக்கிற என்ட மகளுக்கு இது ஏழாம் மாசம். வாயில ஒண்டும் வைக்க ஏலாமக் கெடக்கா. ஆசப்பட்டுக் கேட்டதெல்லாம் அவட உம்மா கட்டிப் பூட்டித் தந்திருக்கா" என்று ஹாஜியார் சொல்லியிருந்தார். மகள் நுஸ்லாவுக்கு இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கவில்லை என்பதையும் வாய்தவறிச் சொல்லிவிட்டார். முத்துவீரன் அந்தப் பையை நிமிர்த்தி, ஆடாமல் அசையாமல் வைத்தான்.

ஒரு மணித்தியாலம் போனதும் நாற்றம் கிளம்பியது. ஹாஜியார் அத்தரை எடுத்து மூக்கடியில் பூசினார். அத்தரும் தூரியனும் கலந்தபோது அது இன்னும் கேவலமாக இருந்தது.

சாப்பாடு வந்தது. அவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். வெறும் வயிற்றோடு இருக்கிறாரே என்று முத்துவீரன் தன் தட்டிலிருந்த பணிஸை எடுத்து நீட்டினான். அந்தக் கை பட்டதை எவன் தின்பான் என்று ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. மணியை அழுத்திப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, நாலு வரிசைக்குக் கேட்கும்படி சிங்களத்தில் கொட்டித் தீர்த்தார். அவள் வந்து மோந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். தூரியனைப் பிளேனுக்குள் கொண்டுவரவே கூடாது, யாருடையது என்று சொல்லாவிட்டால் பைகளையெல்லாம் இறக்கித் திறந்து, கண்ட இடத்திலேயே குப்பையில் போட்டுவிடுவோம் என்றாள்.

திறக்கட்டும், ஒரு பையையும் விடாமல் திறக்கட்டும் என்று ஹாஜியார் துள்ளினார்.

முத்துவீரன் ஒரு தடவை மேலே பார்த்தான். பிறகு குனிந்து, காலடியில் இருந்த தன் துணிப்பையை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"என்னோடதுதாங்க மிஸ். தெரியாமக் கொண்டாந்துட்டேன்."

அவள் அதைத் திறக்கக்கூட இல்லை. இரண்டு விரலால் தூக்கிக் கறுப்புப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். முன்சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்துத் தூ என்றான். ஆளையும் இங்கிருந்து கிளப்பினால்தான் ஆச்சு என்று ஹாஜியார் ஒற்றைக் காலில் நின்றார். கடைசி வரிசையில், கழிப்பறைக் கதவை ஒட்டி ஓர் இடம் காலியாக இருந்தது. முத்துவீரன் எழுந்து அங்கே போனான்.

பை போனது, ஆளும் போனான். நாற்றம் மட்டும் போகவில்லை. சனியன், சீட்டிலேயே ஊறிவிட்டது போல என்று ஹாஜியார் அந்த இருக்கையின் மேல் பேப்பரை விரித்து மூடினார். பிறகு லண்டன் வரும்வரை தோட்டத்து ஆட்களின் சுத்தத்தைப் பற்றி மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தார்.

விமானம் இறங்கியதும் எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு எழுந்தார்கள். ஹாஜியாரின் கை மேல் தட்டுவரை எழும்பவில்லை. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னாலிருந்து முத்துவீரன்தான் வந்தான். கேட்காமலே பையை இரண்டு கையாலும் நேராக இறக்கி அவரிடம் கொடுத்தான்.

நன்றி சொல்ல ஹாஜியாருக்கு மனம் வரவில்லை. சால்வையை மூக்கிலிருந்து எடுக்காமலே கேட்டார்:

"அந்த ஊத்தப் பழத்த லண்டனுக்குக் கொண்டு வராட்டி என்ன?"

முத்துவீரன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நான் குடுத்த பையில மகனுக்கு அவங்கம்மா சுட்ட ரொட்டிதாங்க இருந்திச்சு, பழம் இதுக்குள்ள இருக்கு, சாய்க்காமக் கொண்டுபோயி மகளுக்குக் குடுங்க."