மெஷினுக்கு முன்னால் சொன்னது

சுவிஸின் டீட்டிகோன் நகரப் பண்டகசாலைக்குப் பெட்டி அடுக்கும் ரோபோ வந்து ஒரு கிழமையாகிவிட்டது. மெஷினுக்கு என்ன விளங்கும் என்று தயாபரனும் ரஜிதாவும் அதன் பக்கத்தில் நின்றே எல்லாம் கதைத்தார்கள்.

"குகனேசனைப் போய்ப் பாத்தனீங்களோ அண்ணை?" என்று ரஜிதா கேட்டாள். நாலு மாதத்துக்கு முன் இங்கே அவர்களோடு வேலை செய்தபோதுதான் அவன் ஏணியிலிருந்து விழுந்தான்.

"அவனை என்னத்துக்குப் பாக்கிறது? முதுகு நோவெண்டு நடிக்கிறான். வேலைக்குக் கள்ளம். இந்த மெஷினைப் பார், ஒரு முனகல் இல்லாமல் வேலை செய்யுது."

சொல்லிவிட்டுத் தயாபரன் அடுத்த பெட்டியைத் தூக்கக் குனிந்தான். ரோபோவின் கை நீண்டு வந்து அதைப் பிடித்தது.

"அது சரியான பாரம். விடுங்கோ அண்ணை, நான் தூக்கிறன்."

தமிழில் வந்த அந்தக் குரலைத் தயாபரனுக்கு நன்றாகத் தெரியும்.

"குகனேசன்?"

"ஓம் அண்ணை. இடுப்புக்குக் கீழ உணர்ச்சியில்லை, கை ரெண்டும் வேலை செய்யுது. கட்டிலில இருந்துதான் இதை ஓட்டுறன். வீட்டுக்கு ஒருத்தரும் வாறேல்லை. இஞ்சயெண்டால் உங்கட கதையைக் கேட்டுக்கொண்டிருக்கலாமெண்டு, இந்த இடத்தைக் கேட்டு வாங்கினன்."

ரோபோவின் நெற்றியில் கமரா இருந்தது. தயாபரனால் தலை நிமிர்த்த முடியவில்லை.