கதவுக்கு ஒரு சொல்

அவள் கையில் 'கிளீன்' இருந்தது.

பச்சை சார்ட் அட்டை. ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை கொட்டையாக ஆங்கில எழுத்து. ஓரமெல்லாம் ஜிகினா. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நேற்று மெனக்கெட்டு உட்கார்ந்து செய்தது.

எதிரே பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவு.

பள்ளிக்கூடம் முழுக்க இதே கூத்துதான். கண்ணில் படுகிற ஒவ்வொன்றின் மேலும் அது எப்படிப்பட்டது என்று ஓர் ஆங்கிலச் சொல் ஒட்டியிருக்க வேண்டுமாம். மேலிடத்து உத்தரவு. பதினொரு மணிக்குப் பார்வையிட வருகிறார்கள்.

வேப்பமரத்துக்கு 'ஷேடி' ஒட்டியாயிற்று. சத்துணவு அண்டாவுக்கு 'பிக்'. பச்சை பெயின்ட் அடித்த கரும்பலகைக்கு 'கிரீன்'.

ஆங்கில டீச்சர் அவள்தான். எல்லாச் சொற்களையும் தேடிக் கொடுத்தது அவள்தான்.

இந்த ஒன்றை மட்டும் தலைமையாசிரியர் சொன்னார்.

"சார், அந்தக் கதவுலயா?"

"உள்ள போயா பாக்கப் போறாங்க? ஒட்டிட்டு வாங்க டீச்சர்."

வருகிறவர் எதைத் தொட்டுக் காட்டினாலும் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்ல வேண்டும். தி ட்ரீ இஸ் ஷேடி. தி டாய்லெட் இஸ் கிளீன். காலையில் இரண்டு முறை சொல்லவைத்துப் பார்த்தாள்.

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இங்கே வேலைக்கு வந்து நான்கு வருடமாகிறது. இந்தக் கதவைத் திறந்ததே இல்லை.

தள்ளித் திறந்தாள்.

குழாயின் வாயில் சிலந்தி வலை. பீங்கான் இருக்கிறதா என்றே தெரியவில்லை, விளிம்புவரை நிறைந்து காய்ந்து அதன் மேல் மறுபடி நிறைந்திருந்தது. புழுக்கள் நெளிந்தன. மூலையில் துணிகள் கிடந்தன. சில நோட்டுத்தாளில் சுற்றியவை, சில சுற்றாதவை. கால் வைக்கச் செங்கல் போட்டிருந்தார்கள். யார் போட்டிருப்பார்கள்? பிள்ளைகள்தான் போட்டிருப்பார்கள்.

ஓர் ஈ வந்து 'கிளீன்' மேல் உட்கார்ந்தது.

வெளியே ஓடிவந்து துப்பினாள். போதவில்லை. மறுபடி துப்பினாள்.

நூற்றுப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள்.

போன மாதம் சங்கரேஸ்வரி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஏழாம் வகுப்பு, முதல் பெஞ்சு. மூத்திரத்தில் கிருமி, குளிர்க்காய்ச்சல். பார்க்கப் போன இடத்தில் இவளும் பெரிய டாக்டர் மாதிரி, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லிவைத்தாள்.

"குடிச்சா ஒண்ணுக்கு வந்துரும்ல டீச்சர்."

அப்போதும் இவளுக்கு உறைக்கவில்லை. ரொட்டிப் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

நேற்றுத்தான் அந்தப் பிள்ளை திரும்பி வந்தது. வந்ததும் வராததுமாக இந்த அட்டைக்கு ஜிகினா ஒட்டியது அதுதான்.

சீ என்று இருந்தது. புழுவைப் பார்த்தபோதுகூட இவ்வளவு குமட்டவில்லை. தன்னையே எங்காவது துப்பிவிட்டு வரலாம் போல இருந்தது.

பத்தடி தள்ளி இன்னொரு கதவு.

'ஆசிரியர்கள் மட்டும்' என்று பெயின்டில் எழுதியது. பூட்டியது. உள்ளே வெள்ளை டைல்ஸ், வாளி நிறையத் தண்ணீர், ஃபினாயில் வாசம். தலைமையாசிரியரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு அது ஒன்றுதான். தினமும் காலையில் ஆயாம்மா கழுவிவிடுவார். சாவி ஆசிரியர் அறை ஆணியில் தொங்கும்.

நான்கு வருடமாக அவள் அங்கேதான் போய்வருகிறாள். மூக்கைப் பொத்தாமல்.

நடந்து போய்ச் சாவியை எடுத்துவந்தாள்.

பூட்டைத் திறந்தாள். அந்தப் பூட்டையே கொண்டுபோய்ப் பிள்ளைகளின் கதவில் மாட்டி அழுத்தினாள்.

பிறகு பசையைப் பிதுக்கி, 'ஆசிரியர்கள் மட்டும்' என்பது மறைய அட்டையை ஒட்டினாள். நாலு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். இப்போது அட்டை பொய் சொல்லவில்லை.

இடைவேளை மணி அடித்தது.

பிள்ளைகள் வந்தார்கள். பூட்டைப் பார்த்தார்கள். திறந்திருந்த கதவைப் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள். யாரும் கிட்டே போகவில்லை.

"என்ன பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? போங்க."

சங்கரேஸ்வரிதான் முதலில் நகர்ந்தாள். கதவருகே நின்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்தவளும் கழற்றினாள். அதற்கடுத்தவளும்.

டீச்சருக்கு யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது.

வராந்தாவின் கோடியில் தலைமையாசிரியர் நின்றிருந்தார். அட்டையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். கத்துவதற்கு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடக் கேட்டுக்குள் பார்வையிட வருகிறவர்களின் ஜீப் நுழைந்தது. திறந்த வாயைச் சிரிப்பாக்கிக்கொண்டு கும்பிடப் போனார்.

வரிசை வேப்பமரம்வரை நீண்டுவிட்டது.

ஒரு வாளி. ஓர் ஆயாம்மா. நூற்றுப் பன்னிரண்டு பேர். சாயங்காலத்துக்குள் இதுவும் நாறிப்போகும். அது அவளுக்குத் தெரியாதா என்ன?

நாறட்டும்.

தலைமையாசிரியருக்குச் சர்க்கரை இருக்கிறது. மணிக்கு ஒரு தரம் போகாமல் அவரால் இருக்க முடியாது.