வால் இல்லாத படம்

ஒரு போட்டோ ஸ்டுடியோவின் சுவரில் ஒரு பல்லி இருந்தாள். மாடல் ஆகவேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. கையில் நல்லதாக ஓர் ஆல்பம் இல்லாவிட்டால் யார் கூப்பிடுவார்கள்? அதனால் அங்கிருந்த பழைய கேமராவின் முன்னால் தினமும் போய் நின்றாள்.

முகத்தை எடுத்தாயிற்று. பக்கவாட்டிலும் எடுத்தாயிற்று. முழு உருவப் படம் மட்டும்தான் பாக்கி. ஆனால் பூனையிடமிருந்து தப்பியபோது அவள் வால் போயிருந்தது.

“வால் வளரட்டும் கேமராண்ணே.”

“நீ சொல்றப்ப எடுப்போம் தாயி,” என்றது கேமரா.

ஒருநாள் ஒரு கொசுவைத் துரத்திக்கொண்டு, தன்னை மறந்து சுவரின் குறுக்கே பாய்ந்தாள். கேமராவால் சும்மா இருக்க முடியவில்லை, கண்ணைச் சிமிட்டிவிட்டது.

வால் இல்லாத அந்தப் படத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “இத யாருக்கும் காட்டிடாதீங்கண்ணே.”

கேமரா அதை ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தது.

வால் வளர்ந்தது. முழு உருவப் படமும் முதல் பக்கத்தில் ஏறியது. ஆல்பத்தைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பல்லிகளெல்லாம் கூடிவிட்டன. ஜன்னலோரத்துப் பல்லி ஒருத்தி மட்டும் திரைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“கிட்ட வந்து பாரேன்.”

“வேணாங்க்கா. இங்கருந்தே தெரியுது.”

ஆல்பத்துக்காரிக்குப் புரிந்துவிட்டது. ஆல்பத்தைக் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டி, கவிழ்ந்திருந்த படத்தை நிமிர்த்தி வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரை அசைந்தது.

“இதுக்கு எந்த வெளிச்சத்துலக்கா நின்னீங்க?” என்று கேட்டுக்கொண்டே ஜன்னலோரத்துப் பல்லி மொட்டை வாலோடு முழுசாக வெளியே வந்தாள்.