வலது பக்கத்து பர்னர்

முதல் கோழி நாசம். வெளியே கரி, உள்ளே தொடைச் சந்தில் இன்னும் ரத்தம்.

குமாரசாமி அதைத் தூக்கித் தெருநாய்க்குப் போட்டார். நாயே யோசித்தது.

மணி பதினொன்றே முக்கால். ஒரு மணிக்குப் பெருந்துறையிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். கையில் இருப்பது இன்னும் ஒரே ஒரு கோழி.

"ஏனுங்க, அதையாச்சும் எங்கிட்டக் குடுங்க. குழம்பு வெச்சுபோடறேன்" என்றாள் மனைவி பாப்பாயி.

"முழுக்கோழி சுடறேன்னு போன்ல சொல்லியாச்சு. குழம்பு ஊத்துனா அந்தாளு சும்மா இருப்பாரா?"

அந்தாள், சம்பந்தி தனபால். கல்யாணப் பந்தியில் வடையைப் பிட்டு, "எண்ணெய் பழசுங்களா?" என்று நாலு பேர் காதில் விழக் கேட்டவர். இன்றைக்குக் கோழி வேகாவிட்டால், மகள் பிரவீனா அந்த வீட்டில் ஆயுசுக்கும் பேச்சு வாங்க வேண்டும்.

புறக்கடையில் இருந்த அடுப்பு, மாப்பிள்ளை வாங்கித் தந்த கேஸ் பார்பிக்யூ. இடதும் வலதுமாய் இரண்டு பர்னர், மேலே ஒரு மூடி. அவ்வளவுதான். உள்ளே சூடு எவ்வளவு என்று காட்ட ஒரு முள்கூடக் கிடையாது.

கோழியை நட்டநடுவில் வைத்தார். இரண்டு பர்னரையும் சிறுதீயில் எரியவிட்டு மூடினார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தார். திறந்தால் சூடு போயிற்று. போயிற்றே என்று தீயைக் கூட்டினார்.

வாசலில் கார் சத்தம். அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார்கள்! பிரவீனாவும் கூட வந்திருந்தாள்.

"வாங்க, வாங்க." தண்ணீர் கொடுத்து, மாப்பிள்ளையை விசாரித்து, ஓடிவந்து பார்த்தால் வலது பர்னர் அணைந்திருந்தது. கோழி அந்த ஓரத்துக்கு நகர்ந்திருந்தது.

"பாப்பாயி! நீ தொட்டியா?"

"அதைக் கண்டாலே எனக்குப் பயமுங்க."

"அப்ப கோழியே நடந்து போச்சா?"

திரும்பப் பற்றவைத்து, கோழியை நடுவுக்கு இழுத்துவிட்டு உள்ளே போனார். தனபால் நாற்காலியில் இல்லை. வீட்டைச் சுற்றிப் பார்க்கிறாராம். குறை தேடத்தான், வேறெதற்கு?

பத்து நிமிஷம் கழித்து வந்தால், மறுபடி அதே கதை. வலது பர்னர் அணைந்து, கோழி ஓரத்தில்.

"வேணும்னே பண்றியா? குழம்பு வெக்க உடலைன்னு கோவமா?"

"மெல்லப் பேசுங்க, அவிங்க காதுல உழுகும். அதை அப்படியே உடுங்க. மூடியவும் தொறக்காதீங்க."

"உனக்கென்ன தெரியும்?"

"சொன்னாக் கேளுங்க!"

முப்பது வருஷத்தில் அவள் இப்படி அதட்டியதில்லை. குமாரசாமிக்குச் சண்டை போட நேரமில்லை.

"மானம் போனா உன்னாலதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றரை மணிக்கு மூடியைத் தூக்கினார். கோழி பொன்னிறமாக உட்கார்ந்திருந்தது. கத்தி பட்டதும் தொடை தானாகக் கழன்றது. சொட்டு ரத்தமில்லை.

முதல் துண்டு தனபாலின் இலையில் விழுந்தது. பிரவீனா தண்ணீர்ச் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தனபால் மென்றார். இன்னும் மென்றார். விழுங்கினார்.

"எலும்பு வரைக்கும் வெந்திருக்குதுங்க" என்றார், எல்லோருக்கும் கேட்க. "சம்பந்தி கைப்பக்குவம் யாருக்கும் வராதுங்க. இன்னொரு துண்டு வைங்க."

பிரவீனா சிரித்துவிட்டாள். குமாரசாமிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கார் கிளம்பியதும் பாப்பாயியிடம் வந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

"என்னமோ... திட்டிப்போட்டேன். நீ பண்ணதுதான் சரியா வந்துச்சு."

"நான் எங்கீங்க பண்ணேன்? ரெண்டாந்தரம் நகத்தறப்ப சமையக்கட்டு ஜன்னல்ல பாத்துப்போட்டேன். 'ஒரு பக்கம் எரிஞ்சாப் போதுமுங்க, எரியாத பக்கம் கோழிய வெச்சு மூடிட்டா, சுத்தற சூட்டுலயே வெந்துரும். மூணு கோழியக் கரியாக்குனதுக்கு அப்புறந்தான் எனக்கே தெரிஞ்சுது. நாங்க போறவரைக்கும் அவருகிட்டச் சொல்லாதீங்க, சங்கடப்படுவாரு'ன்னு சொன்னாருங்க."

"யாரு?"

"தனபால் அண்ணந்தானுங்க."