முள் வைக்காத வாட்ச்

மின்மயானத்தில் உலோகம் எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்பதால், அண்ணன் குமரகுருவுக்கு அட்டையில் ஒரு வாட்ச் செய்தேன். பத்தொன்பது வருடம் வாட்ச் கடையில் விற்பனையாளராக அவர் துடைத்து வைத்த அதே தங்க வாட்ச் மாதிரி. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அதை யார் யார் கையிலோ கட்டிவிட்டிருக்கிறார். தன் கையில் ஒருநாளும் கட்டிப் பார்த்ததில்லை. காலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோன உடல் திரும்பி வருவதற்குள், கல்யாணப் பத்திரிகையின் தங்க அட்டையைக் கண்ணி கண்ணியாக வெட்டிக் கோத்தேன். கண்ணாடிக்குச் சட்டைப் பெட்டியின் பிளாஸ்டிக். எங்கள் இருவருக்கும் மணிக்கட்டு ஒரே அளவு. என் கையிலேயே அளவு பார்த்தேன். கடை வாட்ச்சில் இருப்பதுபோல் முள்ளைப் பத்து மணி பத்து நிமிடத்தில் ஒட்டப் போனபோது அண்ணி தடுத்தார்.

"பத்து பத்து, விக்காம கடையில நிக்கிற வாட்ச்சுக்கு, தம்பி. உங்கண்ணன் சொல்லுவாரே. வித்துட்டா சரியான நேரம் வச்சுக் குடுக்கணும்னு."

"சரியான நேரம் எது அண்ணி?"

தூக்கத்திலேயே போனவர். எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் படுத்திருந்த அண்ணிக்கே தெரியாது. முள் வைக்காமலே கட்டிவிட்டோம்.

மயானத்தில் ஊழியர் அண்ணனின் சட்டைக் கையை விலக்கிப் பார்த்தார். "வாட்ச்சக் கழட்டுங்க சார்."

"அட்டைதாங்க."

அவர் நம்பவில்லை. குனிந்து, அண்ணனின் மணிக்கட்டில் காதை வைத்தார். வெறும் சோதனைக்குத் தேவையானதைவிட அதிக நேரம் வைத்திருந்தார். பிறகு அட்டையை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, சட்டைக் கையை மெதுவாக இழுத்து மூடினார்.

"ஓடுது சார். இருக்கட்டும்."

மணி என்ன என்று அவரிடம் நான் கேட்கவில்லை.