பூனையும் மோந்து பார்க்காத மீன்

கல்முனையிலிருந்து கொழும்புக்குக் கண் டாக்டரிடம் காட்ட வந்த உதுமாலெவ்வை, மனைவி சுலைகாவின் ஆசைக்காகக் கடலோரத்துப் பெரிய ஹோட்டலுக்குள் நுழைந்தார். வெள்ளித் தட்டில் அறுக்குளா மீன் வந்தது. ஒரு வாய் வைத்தவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

"இது மீனா? எங்கட ஊர்ல பூனையும் மோந்து பார்க்காது! மனேஜரைக் கூப்பிடுங்க!"

"மெதுவாக் கதைங்க, ஆக்கள் பாக்காங்க," என்றாள் சுலைகா.

"பாக்கட்டும்! கடக்கரையில பொறந்தவனையா ஏமாத்துற?"

மனேஜர் ஓடி வந்து தமிழிலேயே மன்னிப்புக் கேட்டார். உதுமாலெவ்வைக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"இந்த மீனை வித்தவன் அல்லாஹ்வுக்குப் பயமில்லாதவன்!"

"உண்மைதான் சேர். கல்முனையில உதுமாலெவ்வை முதலாளி என்று ஒருத்தர், ஐஸ் போட்டு லொறியில அனுப்புறார். நாளையிலயிருந்து அவர்ட மீனை நிப்பாட்டுறம்."

உதுமாலெவ்வை தட்டைத் திரும்ப இழுத்தார். ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"அவசரப்படாதீங்க தம்பி. மீன் நல்லாத்தான் இரிக்கி. எனக்குத்தான் காய்ச்சல் வந்து நாக்குக் கசக்குது. இன்னும் ரெண்டு துண்டு கொண்டாங்க."

சுலைகா தன் தட்டையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அல்லாஹ்வுக்குப் பயந்து, இதையும் சேர்த்துத் தின்னுங்க."