பதினேழாம் எண் மாடு

செவலையின் தலையைப் பழனியம்மாள் அந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் நின்று கழுத்து நரம்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

போன வாரம் அழுத்தியதும் விரல் தடிமனுக்குப் புடைத்துக்கொண்டு வந்த நரம்பு. இன்று தேட வேண்டியிருந்தது.

மூன்றாவது குத்தில் கிடைத்தது. சிவப்பு மூடி போட்ட கண்ணாடிக் குழாயில் ரத்தம் மெதுவாக ஏறியது. ஊசியை உருவியதும் பழனியம்மாள் சுற்றி வந்து அந்த இடத்தை உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள். ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் செய்கிறாள். ரத்தம் நிற்பதற்காக என்று நினைத்திருந்தேன்.

அரூரிலிருந்து சித்தேரி போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மூன்று செவ்வாய்க்கிழமைகளாக நடக்கிறேன். என்னோடு படித்தவர்கள் கிளினிக் வைத்து, கார் வாங்கி, பார்க்கும் இடமெல்லாம் "இன்னுமா படிக்கிறே" என்று கேட்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

என் ஆராய்ச்சி சின்ன விஷயம்தான். கன்று போட்ட மாட்டுக்குக் கருப்பையில் சீழ் பிடித்தால், வெளியே தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் ஒரு புரதம் கூடிவிடும். எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்று தெரிந்துவிட்டால், கொஞ்சம் ரத்தத்தை எடுத்துப் பார்த்தே மாட்டைக் காப்பாற்றிவிடலாம்.

இருபது மாடுகள். வாரம் ஒரு முறை, நான்கு வாரம். செவலை பதினேழாம் எண்.

மூன்று மாடுகளுக்குத்தான் புரதம் ஏறியது. மற்றவை நன்றாகத் தின்று, நன்றாகக் கறந்து, என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தன. அந்த மூன்றில் இரண்டுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சல் நூற்று மூன்றைத் தாண்டினால் அன்றைக்கே மருந்து போட்டு, மாட்டை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது விதி. விதி எழுதியவர்கள் நல்லவர்கள். அவர்கள் பட்டம் வாங்கியாயிற்று.

ஆக, மிச்சம் இருந்தது செவலை மட்டும்.

தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். டாக்டர் வருகிறார் என்று பழனியம்மாள் விடிகாலையிலேயே மாட்டைக் குளிப்பாட்டி, வாலை மஞ்சள் தண்ணீரில் அலசி வைத்திருந்தாள். அப்படியும் வாலைத் தூக்கியதும் அழுகல் நாற்றம் அடித்தது. தொடையில் பழுப்பாக ஒரு கோடு புதிதாக வழிந்துகொண்டிருந்தது.

நூற்று ஐந்து.

"நேத்துல இருந்து தண்ணியிலகூட வாய் வெக்கலைங்க சார்" என்றாள் பழனியம்மாள். "கவர்மெண்ட் மாட்டாஸ்பத்திரி டாக்டரு வூடு வரைக்கும் வந்தாருங்க. காலேஜு டாக்டரு வாராவாரம் வந்து ஊசி போடறாரு, ரெண்டு மருந்தும் சேந்தா மாட்டுக்கு ஆவாதுன்னு நாந்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தலையை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்பவளுக்கு என் கையில் ஊசி இருப்பது தெரியும். ஊசிக்குப் பின்னால் நிறையும் குழாய் தெரியாது. டாக்டர் வருகிறார், ஊசி குத்துகிறார், போகிறார். மூன்று வாரமாக நான் மருந்து போடுகிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். முதல் நாள் நீட்டிய படிவத்தில் எல்லாம் விளக்கமாக அச்சடித்திருந்தது. கையெழுத்து எங்கே என்று மட்டும் கேட்டாள், நானும் இடத்தை மட்டும் காட்டினேன்.

உள்ளே கட்டிலில் யாரோ புரண்டு படுத்தார்கள். அவள் புருஷன் கோவிந்தன். பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, ஒன்றரை வருடமாக எழுந்திருக்கவில்லை. செவலையின் பால் சொசைட்டிக்குப் போனால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். இரண்டு நாளாகப் பால் போகவில்லை. கன்று காம்பைச் சப்பிப் பார்த்துவிட்டு முட்டி முட்டிக் கத்தியது.

இது மருந்து இல்லை அக்கா, வெறும் ரத்தம்தான் எடுக்கிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். என் பையில் மருந்தும் இருந்தது. காய்ச்சல் கண்ட மாட்டுக்கென்று கல்லூரியில் கொடுத்தனுப்பிய புட்டி, சீல் உடைக்காமல் அப்படியே இருந்தது.

இன்னும் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை. நான்காவது ரத்தம் கிடைத்துவிட்டால் என் வேலை முடிந்தது.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆராய்ச்சிப் பதிவேட்டை எடுத்து, பதினேழாம் எண்ணுக்கு நேரே நூற்று இரண்டு என்று எழுதினேன்.

"லேசான சூடுதான் அக்கா. சரியாயிடும்."

அவள் முகம் தெளிந்தது. முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப இன்னொரு ஊசியும் சேத்துப் போட்டுடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

எனக்கும் இன்னொரு குழாய் கையில் இருந்தால் நல்லது என்று பட்டது. ஆய்வகத்தில் ஒன்று உடைந்தால் அடுத்தது வேண்டுமே.

பழனியம்மாள் மறுபடி தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, செவலையின் காதோரம் ஏதோ சமாதானம் சொன்னாள். மாடு அசையவில்லை. இரண்டாவது குழாய் நிறைய வெகுநேரம் ஆயிற்று.

ஊசியை உருவினேன். அவள் சுற்றி வந்தாள். மருந்து உடம்பெல்லாம் பரவட்டும் என்று சொல்லிக்கொண்டே, ரத்தம் எடுத்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டாள்.